இருட்டறையில் போதிய வெளிச்சம்

ஃபெபி டீச்சர் அனுமதி கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் செய்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு காரியம் முடிந்திருக்கும். கேட்டதால் மூன்று மாதம் ஆயிற்று.

அவள் தென்மருதங்குடி அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கும்பகோணத்தில் திருப்பனந்தாள் டவுன் பஸ்ஸைப் பிடித்து, மதகடி நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு பத்து நிமிடம் நடந்தால் பள்ளிக்கூடம் வரும். எட்டாம் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். ‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்று இருபத்துமூன்று பேரும் பிழையில்லாமல் எழுதினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

“நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர், அது நேரா போறத?” என்று ஜஸீலா கேட்டாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கடைசி பெஞ்சுக் கேள்வியாகக் கேட்கிற பெண் அவள்.

அந்தக் கேள்விதான் ஃபெபியைக் கிளப்பிவிட்டது. பாடப் புத்தகத்தின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஊசித்துளை கேமராவின் படம் இருந்தது. அதைச் செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பால் பவுடர் டப்பா, ஹார்லிக்ஸ் டப்பா என்று அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். கூல் டிரிங்ஸ் டின்னை வெட்டி, அந்தத் தகட்டில் தையல் ஊசியால் துளை போட்டு, டப்பாவின் வயிற்றில் ஒட்டினார்கள். துளைக்குக் கதவு ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். லென்ஸ் கிடையாது. பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு போட்டோ பேப்பரை வைத்து மூடி, டேப்பைத் திறந்து, அசையாமல் நின்றால் எதிரே இருப்பது தானாகக் காகிதத்தில் போய் விழுந்துவிடும். அப்புறம் இருட்டறைக்குள், அந்தத் தாளைக் கெடுக்காத சிவப்பு விளக்கில், மருந்துத் தண்ணீரில் போட்டால் எழுந்து வரும்.

போட்டோ பேப்பர்தான் கஷ்டம். கும்பகோணத்தில் ஸ்டூடியோவை ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்ட முகம்மது யூசுப் பாயிடம் பிரிக்காத பாக்கெட் ஒன்று கிடைத்தது. இருபத்தைந்து தாள். “இதோட சரிம்மா. எங்கிட்டயும் இல்ல, ஊர்லயும் இல்ல” என்று சொல்லி, மிச்சமிருந்த மருந்துப் பொட்டலங்களையும் சும்மாவே கொடுத்தார். ஒரு தாளை ஃபெபி தன் வீட்டுக் குளியலறையில் சோதித்துப் பார்த்தாள். வெறும் வெள்ளைக் காகிதத்தில், தட்டில் ஆடிக்கொண்டிருந்த தண்ணீருக்கடியில், பக்கத்து வீட்டுத் தென்னை மரம் மட்டை மட்டையாக எழுந்து வந்தது. முப்பத்துநாலு வயதில், கதவைத் தாழிட்ட குளியலறையில், தனியாக நின்று கைதட்டிய பெண் அவள். அந்த ஒரு நிமிடத்தை இருபத்துமூன்று பிள்ளைகளும் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இருட்டறைக்குச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறை போதும். அதன் ஒரே ஜன்னலைக் கறுப்பு சார்ட் அட்டையால் அடைக்க வேண்டும். ஃபெபி தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பெண். எதையும் கேட்டுவிட்டுச் செய் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லி வளர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியர் பஞ்சநதத்திடம் கேட்டாள்.

பஞ்சநதத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் தன் பெயருக்கு ஒரு தபாலும் வரக்கூடாது என்பதே அவருடைய ஒரே பிரார்த்தனை.

“ஜன்னலை அடைக்கிறதா? நாளைக்கு யாராச்சும் கேட்டா என்னங்க டீச்சர் சொல்றது? வாரியத்துக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுருங்க. அவங்க பதில் போட மாட்டாங்க. நாம கேட்டோம்னு இருக்கும்.”

வாரியம் என்றால் செய்முறைக் கல்வி மேம்பாட்டு வாரியம். பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கப்பட்டது. தொடங்கிய நாளிலிருந்து அங்கே கையால் செய்யப்பட்டது கையெழுத்து ஒன்றுதான். அதையும் இணை இயக்குநர் சட்டைநாதன் ஒருவரே செய்தார். மணிக்கு இருநூறு கோப்பு. படித்துக்கொண்டிருந்தால் அந்த வேகம் வருமா?

நான்காம் நாளே பதில் வந்துவிட்டது. பஞ்சநதம் அந்த உறையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

‘தங்கள் பள்ளியில் இருட்டறை அமைக்கக் கொள்கையளவில் அனுமதி அளிக்கப்படுகிறது. மாணவர் பாதுகாப்பைக் கருதி, இருட்டறையில் போதிய வெளிச்சம் இருப்பதைத் தலைமையாசிரியர் உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது இரண்டு ஜன்னல்கள், இரண்டு குழல் விளக்குகள் தேவை. உள்ளே இருப்பவை அனைத்தும் தெளிவாகத் தெரியும்படி இருட்டறையைப் படம் எடுத்து, வாரியத்தின் செயலியில் மூன்று நாளுக்குள் பதிவேற்றவும். (ஒப்பம்) சட்டைநாதன்.’

ஃபெபி இரண்டு தரம் படித்தாள். “சார், வெளிச்சம் இருந்தா அது இருட்டறை இல்லையே.”

“அவங்க இருட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே டீச்சர். வெளிச்சமும் போதிய அளவு இருக்கணும்னுதானே சொல்றாங்க” என்றார் பஞ்சநதம், பரிதாபமாக.

சாமான் அறையில் குழல் விளக்கு இரண்டு மாட்டினார்கள். இருந்த ஜன்னலைத் திறந்துவைத்து, கூரையில் ஓடு விலகிய இடத்தை இரண்டாவது ஜன்னல் என்று காட்டிப் படமெடுத்து அனுப்பினார்கள். செயலி பச்சை விளக்கு காட்டியது. அன்று மாலையே ஃபெபி ஓட்டைச் சரிசெய்து, ஜன்னலை அட்டையால் அடைத்து, குழல் விளக்குகளைக் கழற்றி மூலையில் வைத்தாள். செய்ய வேண்டியதைத் திருட்டுத்தனமாகச் செய்வது அதுதான் அவளுக்கு முதல் தடவை.

அடுத்த வாரம் டப்பாக்களின் முறை. மாணவர் செய்த கருவிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாம். செயலியில் ஒவ்வொரு டப்பாவுக்கும் பதினான்கு கட்டங்கள். தயாரிப்பு நிறுவனம் என்ற கட்டத்தில் ‘எட்டாம் வகுப்பு’ என்று போட்டாள். மாடல் என்ற இடத்தில் ‘பால் பவுடர், ஒரு கிலோ’ என்று போட்டாள். லென்ஸ் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டாள். அங்கேதான் வந்தது வில்லங்கம். ஊசித்துளை கேமராவுக்கு லென்ஸே கிடையாது என்பதைச் செயலிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ‘இல்லை’ என்றால் காணவில்லை என்றுதான் அதற்குத் தெரியும். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஃபெபியின் செல்போன் பதினொரு தரம் அலறியது. ‘தங்கள் பள்ளியில் 23 லென்ஸ்கள் காணாமற்போனது குறித்துக் காவல் நிலையத்தில் புகார் அளித்து, ரசீதைப் பதிவேற்றவும்.’

பஞ்சநதம் வாழ்க்கையில் முதல் முறையாகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினார். ஃபெபியும் கூடப் போனாள். எழுத்தர் நாற்காலியில் இருந்த பெண் போலீஸ் நிதானமானவர்.

“என்னங்க காணாமப் போச்சு?”

“லென்ஸுங்க. இருபத்துமூணு.”

“எப்ப இருந்து காணோம்?”

“இருந்ததே இல்லைங்க” என்றார் பஞ்சநதம்.

பெண் போலீஸ் பேனாவைக் கீழே வைத்தார். “இல்லாதது எப்படி சார் காணாமப் போகும்?”

“அதைத்தாங்கம்மா எழுதிக் குடுக்கச் சொல்றாங்க.”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தானும் அரசாங்க உத்தியோகம் என்பதாலோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ‘இல்லாத லென்ஸ் இருபத்துமூன்று, தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். செயலி பச்சை காட்டியது.

இதற்குள் குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் அறுப்பு மெஷின் நாள் முழுக்க இரைந்தது. பிள்ளைகளும் இரைந்தார்கள். “எப்ப டீச்சர் போட்டோ எடுப்போம்? எப்ப டீச்சர்?” டப்பா செய்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒருத்தரும் ஒரு படமும் பார்க்கவில்லை. ஃபெபிக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளிச்சம் கசிகிறதா என்று சோதிக்க ஜஸீலாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருட்டறையில் அவள் டப்பாவில் மட்டும் ஒரு தாளை வைத்து, இறுக்கி மூடி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை எல்லாருக்கும் தாள் கொடுத்துவிடுவது. யார் என்ன கேட்டாலும் சரி.

திங்கட்கிழமை காலை சரிபார்ப்பு அலுவலர் மதலைமுத்து வந்து நின்றார்.

மதலைமுத்து கெட்டவர் அல்ல. தான் எண்ணாத எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனால் படிகளை எண்ணிவிட்டுத்தான் கும்பிடுவார் என்று வாரியத்தில் சொல்வார்கள். இருபத்துமூன்று டப்பாக்களையும் மேசைமேல் வரிசையாக அடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மேடம், எல்லாத்துலயும் ஓட்டை இருக்கு?”

“அதுதான் சார் கேமரா.”

“இருப்புப் பதிவேட்ல ஏத்தியாச்சு. ஏத்தினா அரசுப் பொருள். அரசுப் பொருள்ல ஓட்டை போட்டுருக்கீங்க.” அவர் எழுதினார்: ‘இருபத்துமூன்றும் சேதமடைந்த நிலையில் உள்ளன. சேதம் ஒரே சீராக உள்ளது.’ பிறகு, “எல்லாத்தையும் தொறந்து காட்டச் சொல்லுங்க” என்றார்.

பிள்ளைகள் திறந்தார்கள். ஜஸீலா மட்டும் திறக்கவில்லை. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“மூடி இறுகிடுச்சு சார்.”

“நான் தொறக்கறேன், கொண்டா.”

“எங்க மாமா வந்தே தொறக்க முடியல சார். அவரு கொல்லத்து பட்டறையில வேலை பாக்குறாரு.”

மதலைமுத்து ஒரு நிமிடம் யோசித்து, ‘திறந்தவை 22, இறுகியது 1’ என்று எழுதிக்கொண்டார். ஃபெபி மூச்சை விட்டாள். அதைச் சீக்கிரமாக விட்டுவிட்டாள்.

“போட்டோ பேப்பர் எங்க?”

கறுப்பு உறைக்குள் இருந்த பாக்கெட்டை அவள் காட்டினாள். கொடுக்கவில்லை. “இருபத்துமூணு தாள் இருக்கு சார். ஆனா தொறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டா வீணாப் போயிரும்.”

“வெளிச்சம் பட்டா வீணாப் போற பொருளை வச்சு எப்படி மேடம் போட்டோ எடுப்பீங்க? போட்டோவே வெளிச்சந்தானே?”

“அது வேற வெளிச்சம் சார்.” சொல்லும்போதே அது அவள் காதுக்கே மோசமாகக் கேட்டது. “வேணும்னா இருட்டறைக்குள்ள வாங்க. சிவப்பு விளக்குல எண்ணிக்கலாம்.”

“இருட்டுல எண்ணினேன்னு எழுதினா தணிக்கைல என்னைய என்ன கேப்பாங்க? நீங்களே சொல்லுங்க.”

அவள் பஞ்சநதத்தைப் பார்த்தாள். பஞ்சநதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதலைமுத்து பாக்கெட்டை அவள் கையிலிருந்து மரியாதையாகவே வாங்கிக்கொண்டு, நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வராந்தாவுக்குப் போனார். உறையைக் கிழித்தார். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். திருப்பி எண்ணினார். முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார்.

“எல்லாமே வெத்துத் தாளா இருக்கே மேடம். ஒண்ணுலயும் ஒண்ணும் அச்சாகல.”

‘வெள்ளைத் தாள் 23’ என்று அவர் எழுதி முடிப்பதற்குள் வெயிலில் தாள்கள் இளஞ்சிவப்பாகி, கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நேர்மையான மனிதர். அடித்துவிட்டு, ‘நிறம் மாறிய தாள் 23’ என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

ஃபெபிக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். திரும்பிப் பார்த்தால் ஜஸீலா நின்றாள். டப்பா இன்னும் அணைப்பிலேயே இருந்தது.

“இதுல ஒண்ணு இருக்கு டீச்சர்.”

“இறுகிடுச்சுன்னியே?”

“தொறந்துதான் பாக்கலியே” என்றாள் ஜஸீலா. “எங்களுக்குக் கொல்லத்துல மாமாவே கிடையாது.”

ஆக, உலகத்தில் ஒரே ஒரு தாள் மிச்சம். அதில் எதை எடுப்பது, யார் எடுப்பது என்று எட்டாம் வகுப்பு இரண்டு நாள் சண்டை போட்டது. மூன்றாம் நாள் வாரியமே அதைத் தீர்த்துவைத்தது. மாவட்டத்தில் எல்லாக் கட்டங்களும் பச்சையான ஒரே பள்ளி தென்மருதங்குடி என்பதால், அங்கே ‘ஊசித்துளைப் பெருவிழா’ நடக்கும், இணை இயக்குநர் நேரில் வருவார் என்று தபால் வந்தது. கடைசிப் பத்தி இப்படிச் சொன்னது: ‘விழாவின் நோக்கத்துக்கு மாறாக செல்போனில் படம் எடுப்பது தடைசெய்யப்படுகிறது. மாணவர்களின் ஊசித்துளை கேமராவில் எடுக்கப்படும் படமே விழாவுக்கும், அலுவலர்களின் வருகைக்கும் ஒரே சான்றாக ஏற்கப்படும். (ஒப்பம்) சட்டைநாதன்.’

“அந்த ஒரு பேப்பரை அவருக்குக் குடுத்துருங்க டீச்சர்” என்று பஞ்சநதம் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்கு இன்னும் ஆறு மாசம்தான்.”

ஃபெபி முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஜஸீலா முந்திக்கொண்டாள். “எடுக்கட்டும் டீச்சர். அவங்க நாற்காலியில உக்காரட்டும். நாங்க பின்னால நிக்கிறோம்.”

பழைய தாள், பந்தலுக்குள் நிழல். பன்னிரண்டு நிமிடம் துளையைத் திறந்து வைக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடமும் அசையாமல் நிற்பவர்கள்தான் படத்தில் விழுவார்கள். நகர்கிறவர்களைக் காகிதம் கண்டுகொள்ளாது. இதைப் பஞ்சநதம் மூலமாக வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்தார்கள். சட்டைநாதன் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டார். பிள்ளைகளுக்கு ஃபெபி ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள். தினம் மத்தியானம் இருபத்துமூன்று பேரும் நடவு வயலில் கொக்கு நிற்பதுபோல் நின்றார்கள். மூக்கில் தட்டான் உட்கார்ந்தாலும் அசைவதில்லை என்று சபதம்.

விழா அன்று பந்தல், பேனர், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்பது. நாற்காலிகளுக்குப் பின்னால் பெஞ்சு போட்டு எட்டாம் வகுப்பு. எதிரே முக்காலியில் ஜஸீலாவின் டப்பா. அவள் டேப்பைத் திறந்துவிட்டு, ஓடிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். சட்டைநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பொறுமை! ஒளிப்படக் கலைக்குப் பொறுமைதான் உயிர். நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் அரைமணி நேரத்துக்கு மேல இருந்ததில்ல. அவ்வளவு பள்ளிகளுக்கு நான் போய்க்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம்...” செல்போனை எடுத்துப் பேசிவிட்டு வந்தார். “கேமராவக் கண்டுபிடிச்சது யாரு? அது முக்கியமில்ல. கண்டுபிடிக்க அனுமதி குடுத்தது யாரு? அதைப் புத்தகத்துல போட்டிருக்கானா? போட மாட்டான்! ஒரு தபால் போடாம இந்த உலகத்துல எதுவும் நடந்ததில்ல குழந்தைகளே. வெளிச்சம் நேர்கோட்டுல போகுதுங்கறாங்க. போகட்டும். ஆனா முறையான வழியாப் போகுதாங்கறதைப் பாக்கத்தான் வாரியம் இருக்கு.”

மறுபடி செல்போன். பந்தலுக்கு வெளியே போனார், வந்தார். சால்வைக்கு எழுந்தார். நடு நாற்காலி தனக்குரியது என்று இடம் மாறினார். அவர் மாறியதால் எல்லாரும் மாறினார்கள். மதலைமுத்து நாற்காலிகளைச் சுற்றி வந்து வருகையை எண்ணினார், யாராவது எழுந்து போனால் திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பஞ்சநதம் மட்டும் ஓரத்து நாற்காலியில் சாய்ந்து, இரண்டாம் நிமிடமே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். ஃபெபி கடிகாரத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். பின்வரிசையில் ஒரு கண்கூட இமைத்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு முடிந்ததும் ஓடிப் போய்த் துளையை மூடினாள். சட்டைநாதன் ஏற்கெனவே காரில் ஏறியிருந்தார்.

சாமான் அறைக்குள் இருபத்துமூன்று பேரும் எப்படி அடைந்தார்கள் என்பது ஒளியியலில் வராது. வேர்வை நாற்றம், மருந்து நாற்றம், ஒரு சிவப்பு விளக்கு. தாளை ஃபெபி தட்டில் நழுவவிட்டாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்தில் ஏதோ கறுத்தது. பந்தல் கால் ஒன்று வந்தது. பேனர் வந்தது. பின்னால், வரிசையாக, தலைகள்.

“நானு!” என்று யாரோ கத்தினார்கள். “நானு டீச்சர்! இது நானு!”

வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இடவலம் மாறி வந்த அந்தப் படத்தில் இருபத்துமூன்று பேரும் தங்களைக் கண்டுபிடித்தார்கள். ஜஸீலா தட்டின் மேல் குனிந்தபடி, “நேராத்தான் போயிருக்கு” என்றாள். ஃபெபிக்கு மூன்று மாதமும் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துபோயிற்று. அந்த இருட்டில் அவள் தாராளமாக அழுதாள். யாருக்கும் தெரியவில்லை.

வெளியே கொண்டுவந்து செல்போனில் நேராக்கிக் காட்டியபோது பஞ்சநதம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இருபத்துமூன்று பிள்ளைகள் கல்வெட்டுப்போல் நின்றார்கள். முன்னால் ஒன்பது நாற்காலி. எட்டு நாற்காலிகள் காலி. ஒன்பதாவதில் பஞ்சநதம், வாய் திறந்தபடி, துல்லியமாக.

“இணை இயக்குநர் எங்கங்க டீச்சர்?”

“ஆடிட்டாரு சார்.”

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதிவேற்றாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டு பதிவேற்றினார்.

வாரியம் தன் விதியைத் தானே மீறுகிற அமைப்பு அல்ல. அடுத்த வாரம் விளக்கம் கேட்டு மூன்று குறிப்பாணைகள் புறப்பட்டன. விழாவுக்குச் செல்லாமல் சென்றதாகக் காட்டியதற்கு இணை இயக்குநர் சட்டைநாதனிடம் ஒன்று, சரிபார்ப்பு அலுவலர் மதலைமுத்துவிடம் ஒன்று, பணி நேரத்தில் உறங்கியதற்குத் தலைமையாசிரியர் பஞ்சநதத்திடம் ஒன்று. மூன்றின் கீழும் (ஒப்பம்) சட்டைநாதன்.

பஞ்சநதம் தன் தபாலைப் படித்துவிட்டுச் சிரித்ததை ஃபெபி அன்றுதான் முதலில் பார்த்தாள். “தூங்கினாலும் நான் இருந்தேன்னு அத்தாட்சி இருக்கு டீச்சர்” என்றார்.

சட்டைநாதன் தனக்குத் தானே அனுப்பிய குறிப்பாணையைத் தன் மேசையில் பிரித்துப் படித்தார். அவர் முழுக்கப் படித்த முதல் தபால் அது என்று சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை காலை, டிரைவர்கூட இல்லாமல், அவர் கார் தென்மருதங்குடி வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு சாப்பாட்டுப் பை. விடுமுறை நாளில் ஃபெபி ஜஸீலாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாமான் அறையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், நான் வந்தேன்ல? நீங்க பாத்தீங்கள்ல? ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“எழுத்து சான்று செல்லாதுன்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க. படம் மட்டும்தான்.”

“அப்ப இன்னொரு தரம் எடுங்க.”

“பேப்பர் இல்லைங்க சார். எண்ணிட்டாங்க.”

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார். டிபன் கேரியருக்கு அடியில், கறுப்புத் துணியில் சுற்றிய பிரிக்காத பாக்கெட். மெட்ராஸில் ஆள் விட்டுத் தேடி வாங்கியதாம். குரலைத் தாழ்த்தினார்.

“மதலைமுத்து கண்ணுல படாம கொண்டாந்தேன். பாத்தா பிரிச்சிருவாரு.”

ஃபெபி பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. “முதல்ல பிள்ளைங்க சார். நீங்க கடைசி.”

“கடைசியா? எனக்குப் பத்தரைக்கு மீட்டிங் இருக்கு.”

“வரிசை சார்” என்றாள் ஜஸீலா.

தகவல் போய் அரைமணியில் இருபத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள். வெயிலில் இரண்டு நிமிடம் போதும். ஒருத்தன் வாய்க்கால் மதகை எடுத்தான். ஒருத்தி தன் அம்மாவை எடுத்தாள், வாழ்நாளில் அந்த அம்மா இரண்டு நிமிடம் சும்மா நின்றது அதுதான் முதல் தடவையாம். ஒவ்வொருவரும் தங்கள் தாளைத் தாங்களே தட்டில் போட்டு எழுப்பினார்கள். சட்டைநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். மணி ஒன்றரைக்கு அவர் முறை வந்தது. வெயிலில் உட்கார முடியாது என்றார். நிழல் என்றால் பன்னிரண்டு நிமிடம் என்றார்கள். முகம் தெளிவாக விழ வேண்டும் என்று டப்பாவைத் தன் நெஞ்சுக்கு நேரே இரண்டடியில் வைக்கச் சொன்னார். செல்போனை அணைத்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். இம்முறை இணை இயக்குநர் அசையவே இல்லை.

வாய்தான் சும்மா இருக்கவில்லை. டேப்பைத் திறந்த மறுகணமே, தான் எப்படி அசையாமல் உட்காரப் போகிறேன் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கி, தலையை ஆட்டி ஆட்டிப் பன்னிரண்டு நிமிடமும் பேசி முடித்தார்.

தட்டில் படம் எழுந்து வந்தது. சபாரி சட்டை, பையில் பேனா, முழங்காலில் பத்து விரல், கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் அச்செடுத்தாற்போல் வந்தன. காலருக்கு மேலே ஒரு புகைமூட்டம்.

அதைத்தான் பதிவேற்றினார்கள். பத்து நாளில் வாரியத்தின் முடிவு வந்தது. ‘படம் ஆராயப்பட்டது. அடையாள அட்டை தெளிவாக உள்ளது. முகம் இல்லாதது விதிகளுக்கு முரணாகாது. அலுவலரின் வருகை உறுதிசெய்யப்படுகிறது. (ஒப்பம்) சட்டைநாதன்.’

எட்டாம் வகுப்பில் ஒரு கயிறு கட்டி அந்தச் சனிக்கிழமை எடுத்த இருபத்துநாலு படங்களையும் மாட்டினார்கள். வெள்ளையும் கறுப்பும் மாறியிருந்ததால் படத்தில் இருப்பது யார், எது என்று ஜஸீலா ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிப் படத்தில் நின்றுவிட்டாள்.

“இது யாருன்னு டீச்சர் எழுதறது? மூஞ்சியே இல்லையே.”

“அட்டையில என்ன போட்டிருக்குன்னு பாத்து எழுது” என்றாள் ஃபெபி, அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே.

எழுத்து இடவலம் மாறி இருந்தது. ஜஸீலா படத்தைக் கைக்கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். பெரிய எழுத்து ஒரு வார்த்தை மட்டும்தான் படிக்க முடிந்தது. அதையே பென்சிலால் கீழே எழுதி மாட்டினாள்: வாரியம்.